மேல்தளத்துக்கு இரண்டடி கீழே

பிப்ரவரி 4

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கடல்காற்றில் தொண்டை கட்டாமல் இருக்கிறதா? போன கடிதத்திலும் இதைத்தான் கேட்டேன். பதில் வரவில்லை.

நேற்று உன் அம்மா அந்தரத்தில் தொங்கினாள். காலையில் வேலைக்குப் போனேனா, அலுவலக லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. உள்ளே நான் ஒருத்திதான். ஐந்தாம் மாடியில் டெலிபோன் பலகையில் உட்கார வேண்டியவள் இங்கே மாட்டிக்கொண்டால் கம்பெனிக்கு வருகிற அழைப்பெல்லாம் என்ன ஆகும் என்று முதல் பத்து நிமிடம் கவலைப்பட்டேன். கயிறு அறுந்தால் நான் என்ன ஆவேன் என்று அடுத்த பத்து நிமிடம். அப்போது மேலேயிருந்து ஒரு குரல்.

"உள்ள யாரு?"

"டெலிபோன் அம்மா."

"பயப்படாதீங்க. கயிறு அறுந்தாலும் விழாது."

"அறுந்தா எப்படிங்க விழாம இருக்கும்?"

"அதைச் சொல்ல ஆரம்பிச்சா அரை மணி ஆகும்."

"எனக்கு இப்ப வேற வேலை ஒண்ணும் இல்லையே."

உண்மையாகவே அரை மணி நேரம் சொன்னார். இரண்டு பக்கமும் இரும்புத் தண்டவாளம் இருக்கிறதாம். கயிறு கொஞ்சம் தொய்ந்தாலும் லிஃப்டின் அடியில் இருக்கிற இரும்புத் தாடைகள் அந்தத் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளுமாம். கவ்வினால் லேசில் விடாதாம். புதிதாக வந்திருக்கிற லிஃப்ட் மெக்கானிக் அவர். இடுக்கு வழியாக அவருடைய பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. ஒன்றில் கயிறு போய், ஒயரால் கட்டியிருந்தார். என் மகன் கடற்படையில் விமானங்களைப் பழுது பார்க்கிறான் என்று அவரிடமும் சொல்லிவைத்தேன். யாரிடம்தான் சொல்லவில்லை.

அக்கா அவள் ஊரில் நலம். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்துகிறாள், அதனால் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு காற்றில் நிற்காதே.

உன் அம்மா

—

பிப்ரவரி 21

அம்மாவுக்கு,

மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். நான்காவது வேளை என்று ஒன்று இருந்தால் அதையும் சாப்பிடுவேன். தொண்டை நன்றாக இருக்கிறது. பதில் வந்துவிட்டதா? இனி நீ முழங்காலைப் பற்றி ஒழுங்காக எழுது. டாக்டர் என்ன சொன்னார்?

உன் லிஃப்ட் கதையைப் படுத்துக்கொண்டே சத்தமாகப் படித்தேன். எனக்கு மேல் படுக்கைக்காரன் நெட்டையன் சிரித்துச் சிரித்துக் கூரையில் தலையை இடித்துக்கொண்டான். அவன் ஏன் அப்படிச் சிரித்தான் என்பதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நான் விமானம் பழுது பார்ப்பவன் இல்லை அம்மா. நான் லிஃப்ட்காரன்.

பொய் சொன்னேன் என்று நினைக்காதே. ‘விமானங்களோடு வேலை’ என்றுதான் எழுதினேன். மீதியை நீயே சேர்த்துக்கொண்டாய், எனக்கும் திருத்த மனம் வரவில்லை. பதினெட்டு வயதில் சேர்ந்தபோது எனக்கும் விமானம்தான் கனவு. பயிற்சிப் பள்ளியில் ஒரு வருடம், எண்ணெய்க் கப்பலில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடித்து இரண்டு வருடம், இந்த விமானந்தாங்கிக் கப்பலில் மூன்று வருடம். இப்படித்தான் போனது.

ஆனால் என் லிஃப்ட் உன் அலுவலகப் பெட்டி மாதிரி இல்லை. விமானங்கள் கப்பலின் வயிற்றுக்குள் ஒரு கூடத்தில் நிற்கும். அங்கேயிருந்து மேல்தளத்துக்கு ஏற்றுவதும் இறக்குவதும் நான். நம் வீட்டையும் பக்கத்து வீட்டையும் தூக்கி அதன் மேல் வைக்கலாம், அவ்வளவு பெரிது. சுவர் கிடையாது, கதவு கிடையாது, வெறும் தரை. மேலே வந்து நின்றால் அதுவே மேல்தளத்தின் ஒரு துண்டு. வராவிட்டால் அந்த இடத்தில் ஒரு பள்ளம். எந்த விமானமும் இறங்க முடியாது.

கப்பலுக்குப் பெரிய பெயர் உண்டு, நாங்கள் பெரியம்மா என்றுதான் சொல்வோம். வேறொரு நாட்டுக் கடற்படையில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு எங்களிடம் வந்தவள். காலையில் கிளப்பினால் முனகுவாள், மூட்டுக்கு மூட்டு சத்தம் வரும். ஆனால் ஆயிரத்து இருநூறு பேரை முகம் சுளிக்காமல் சுமக்கிறாள்.

அடுத்த மாதம் விடுமுறை இல்லை. காரணம் எழுதக்கூடாது. ஆகஸ்டில் பதவி உயர்வுக்குத் தேர்வு, அதற்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் லிஃப்ட்கார மகன்

—

மார்ச் 14

அன்பு மகனுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு எப்படி எழுதுவது?

காரணம் என்ன என்று இப்போது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. போர் என்று சொன்ன அன்று என் பலகையில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தது. எல்லோருக்கும் யாரோடாவது பேச வேண்டும். கை ஓயாமல் இணைத்துக் கொடுத்தேன். நான் பேச வேண்டிய ஆளுக்கு மட்டும் நம்பர் இல்லை. சரி, அது போகட்டும்.

மூன்று வருடமாக விமானம் விமானம் என்று என்னைப் பேசவைத்தாயே, இப்போது ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுத் திருத்த வேண்டும். முதலில் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் "லிஃப்டா?" என்று கேட்டுவிட்டு அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு விமானம் கெட்டா ஒரு விமானம் நிக்கும். லிஃப்ட் கெட்டா எல்லா விமானமும் நிக்கும். உங்க பையன் சின்ன ஆள் இல்லம்மா" என்றார். அதைக் கேட்டதிலிருந்து நான் திருத்துவதில்லை, நேராகப் பெருமையடிக்கிறேன்.

எத்தனை டன் தூக்கும், கயிறா சங்கிலியா, தாடை எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். உன் கடிதத்தைக் காட்டினேன். மனைவி இறந்து ஒன்பது வருடமாம், பிள்ளைகள் இல்லையாம். இதையெல்லாம் நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். பூட்ஸுக்குப் புதுக் கயிறு போட்டிருக்கிறார். நம் சமையலறைக் கதவு இப்போது கிறீச்சிடுவதில்லை.

முழங்காலுக்குப் படி ஏறக்கூடாது, தரையில் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார்கள். நம் ரேடியோவை நான் போடுவதில்லை. பத்திரம் என்று மட்டும் எழுதுகிறேன், அதற்கு மேல் எழுதினால் உனக்குச் சங்கடம்.

உன் அம்மா

—

ஏப்ரல் 3

அம்மாவுக்கு,

காற்று அதிகம், தூக்கம் குறைவு, பசி நிறைய. ஆகவே நலம். நீ படி ஏறாமல் இருக்கிறாய்தானே?

கரையைப் பார்த்துப் பத்தொன்பது நாள் ஆகிறது. தானியமும் எண்ணெயும் ஏற்றிய சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போகிறோம். எங்கள் விமானங்கள் முன்னும் பின்னும் பறந்து, தண்ணீருக்கு அடியில் எவன் பதுங்கியிருக்கிறான் என்று தேடும். நேற்று மட்டும் முப்பத்தெட்டு முறை ஏற்றி இறக்கினேன். முதல் கூட்டத்துக் கப்பல்கள் பதினொன்றும் முழுசாகத் துறைமுகம் சேர்ந்தபோது அந்தக் கப்பல்காரர்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். எங்கள் சமையற்காரர்கள் பதிலுக்குக் கரண்டியைச் சுழற்றினார்கள். ஒரு கரண்டி கடலில் போய்விட்டது.

ஒரு விமானி இருந்தான். லிஃப்டில் ஏறும்போதெல்லாம் இறக்கையில் சாய்ந்துகொண்டு எதையாவது முணுமுணுத்துப் பாடுவான். செவ்வாய்க்கிழமை போனவன் வரவில்லை. கூடத்தில் அவன் விமானம் நிற்கிற இடத்தில் யாரும் எதையும் வைப்பதில்லை. அதைப் பற்றி இவ்வளவுதான்.

உன் மெக்கானிக்கிடம் ஒன்று கேள். ஒரு மூலை மட்டும்

(இங்கே தாள் பிளேடால் வெட்டப்பட்டிருக்கிறது)

கவ்விக்கொண்டால் அவர் என்ன செய்வார்? இங்கே அதிகாரிகள் கீழே இறக்கி மறுபடி ஏற்று என்கிறார்கள். எனக்கென்னவோ

(இங்கேயும் வெட்டப்பட்டிருக்கிறது)

அது இருக்கட்டும். சமையலறைக் கதவு எத்தனை நாளாகக் கிறீச்சிட்டது? எனக்கு எழுதவே இல்லையே.

உன் மகன்

—

ஏப்ரல் 22

அன்பு மகனுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தில் இரண்டு ஜன்னல்கள் இருந்தன. ஒன்றின் வழியாகப் பார்த்தேன், மெக்கானிக்கின் மூக்கு தெரிந்தது. கடிதத்தை அப்படி முகத்தருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னலுக்கு முன்னாடி ‘ஒரு மூலை’, பின்னாடி ‘கவ்விக்கொண்டால்’. எனக்கு இது போதும். எழுதிக்குங்க" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கீழ இறக்கவே கூடாது. தாடை கவ்வுறதே கீழ போகாம இருக்கத்தான். இறக்க இறக்க இறுகும். மேல ஒரு விரல் அளவு எழும்பினாத்தான் விடும். ஒரு மூலை மட்டும் மாட்டியிருக்குன்னா எதிர் மூலையில பாரம் ஏத்தணும். ஆளுங்களை நிக்க வச்சு ஒண்ணாக் குதிக்கச் சொல்லணும். அங்க அழுத்தினா இங்க எழும்பும்."

அன்றைக்கு என்னையும் அப்படித்தான் குதிக்க வைத்தார். வெட்கமாக இருந்ததால் உனக்கு எழுதவில்லை. நாற்பத்தெட்டு வயதில், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, பூட்டிய பெட்டிக்குள் தனியாக ஒன்று இரண்டு மூன்று என்று குதித்தேன். மூன்றாவது குதிக்கு லிஃப்ட் நகர்ந்தது. அவர் மேலேயிருந்து கை தட்டினார்.

கதவு நான்கு வருடமாகக் கிறீச்சிட்டது. அது என்ன எழுதுகிற செய்தியா? டாக்டர் நடக்கச் சொன்னதால் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூங்கா வரை நடந்தேன். ‘நடந்தேன்’ என்பதற்கு முன்னால் ஒரு சொல்லை அடித்திருக்கிறேன், பேனா சரியில்லை.

அந்தப் பாடுகிற பையனுக்கு ஓர் அம்மா இருப்பாள். அதற்கு மேல் எழுத வரவில்லை.

உன் அம்மா

—

மே 28

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கள் மகன் நலம். தங்கள் நலத்தையும் அறிய விரும்புகிறேன். வேலை மிகுதியால் சில வாரங்களாகக் கடிதம் எழுத இயலவில்லை. உணவு நன்றாக உள்ளது. தொண்டை நன்றாக உள்ளது. வானிலை மிதமாக உள்ளது. மெக்கானிக் ஐயாவிடம் என் நன்றியைத் தெரிவிக்கவும்.

இப்படிக்குத் தங்கள் அன்பு மகன்

—

ஜூன் 4

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். குழந்தைக்குப் பல் விழுந்து பல் முளைக்கிறது. உனக்கு ஒன்றும் ஆகவில்லையே? ஆகியிருந்தால் என்னிடமாவது சொல்.

போர் நேரத்தில் உன்னிடம் இதைக் கொண்டுவர எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்? போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவைப் பார்க்கப் போனேன். சமையலறையில் ஒரு ஆள் ஸ்டூல் மேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஸ்டூல் ஆடுகிற அளவுக்குச் சிரிக்கிறாள். அப்பா போய்ப் பதினோரு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லைடா. எனக்கு ஏன் கோபம் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவர் மரியாதையாக எழுந்து, இல்லை, இறங்கி, வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன், "இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா? என் மாமியார் வீட்டுல நான் எப்படிம்மா தலை நிமிர்ந்து நிப்பேன்?" அம்மா தட்டு கழுவப் போய்விட்டாள். இரண்டே இரண்டு தட்டு. அரை மணி நேரம் கழுவினாள்.

நான் சொன்னால் அவளுக்கு வருத்தம்தான் வருகிறது. நீ ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள். உன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

—

ஜூன் 16

அன்பு மகனுக்கு,

கடிதம் வந்தது. உன் கையெழுத்து எப்போது இவ்வளவு அழகானது? பள்ளிக்கூடத்தில் உன் நோட்டைப் பார்த்துக் கோழி நடந்ததா என்று கேட்பார்கள். பிறந்ததிலிருந்து நீ என்னைத் ‘தங்கள்’ என்று சொன்னதும் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கடிதம் வந்ததே, அதுவே போதும். சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் நான் படியில்தான் ஏறுகிறேன். ஐந்து மாடிதானே. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்தேன். அலமாரியைத் துடைத்தேன்.

உன் அம்மா

—

ஜூலை 3

அம்மாவுக்கு,

இது என் கையெழுத்து. கோழி திரும்பி வந்துவிட்டது, இப்போது கொஞ்சம் நொண்டுகிறது. நான் நலம் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன், அதை நம்பிக்கொண்டு மீதியைப் படி.

மே மாதம் ஒன்பதாம் தேதி காலை. மூன்று விமானங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. மூன்றிலும் இருபது நிமிடத்துக்குத்தான் எரிபொருள். மேல்தளத்தில் சக்கரம் உடைந்து கிடந்த ஒரு விமானத்தைக் கீழே இறக்கிவிட்டு லிஃப்டைக் காலியாக மேலே கொண்டுவந்துகொண்டிருந்தேன். மேல்தளத்துக்கு இன்னும் இரண்டடி. அப்போது கப்பல் சட்டென்று திரும்பியது. பெரியம்மா சாய்ந்தாள், ஒரு மூலையில் சங்கிலி தொய்ந்து தாடை கவ்விக்கொண்டது. அதைத்தான் ஏப்ரலில் உன்னிடம் கேட்டிருந்தேன்; அதற்குள் இரண்டு முறை லேசாகக் கவ்வி விட்டிருந்தது. இந்த முறை விடவில்லை. மோட்டார் இழுத்துப் பார்த்து நின்றுவிட்டது. மேல்தளத்தின் நடுவில் ஒரு பள்ளம், தலைக்கு மேல் மூன்று விமானங்கள்.

அதிகாரி ஓடி வந்தார். "கீழ இறக்கு. இறக்கி மறுபடி ஏத்து."

"கூடாது சார். இறக்கினா இன்னும் இறுகும்."

"யார் சொன்னது?"

"எங்க அம்மா சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஆனால் நேரமில்லை, வேறு வழியும் இல்லை. "சரி, உங்க அம்மா வேற என்ன சொன்னாங்க?" என்றார். எதிர் மூலையில் நாற்பது பேர் வேண்டும் என்றேன். ஒலிபெருக்கியில் சொன்னார். யார் யார் பக்கத்தில் இருந்தார்களோ எல்லோரும் வந்து குதித்தார்கள் அம்மா. சமையற்காரர்கள் மாவுக் கையோடு. முடிவெட்டுபவர் கத்தியோடு, அவர் பின்னால் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருத்தன். கடிதங்களை வெட்டுகிற தணிக்கை அதிகாரிகூட. நாற்பது பேரும் ஒரே மூலையில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்க, நெட்டையன் எண்ணினான்: ஒண்ணு, ரெண்டு, மூணு.

நான்கு முறை குதித்தார்கள். நான்காவதுக்குத் தாடை ‘டங்’ என்று விட்டது. அது மறுபடி கவ்வாமல் இருக்க ஒரு கம்பியைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு மோட்டாரைப் போடச் சொன்னேன். லிஃப்ட் மேலே போய் நின்றது. நாற்பது பேரும் தலைதெறிக்க ஓடினார்கள். முதல் விமானம் இறங்கியது, இரண்டாவது இறங்கியது. மூன்றாவது இறங்கி நிற்பதற்கு முன்னாலேயே எஞ்சின் தானாக அணைந்துவிட்டது, எரிபொருள் அவ்வளவுதான் இருந்திருக்கிறது.

அந்தக் கம்பி கடைசி நொடியில் வழுக்கியது. என் வலது கை உள்ளே இருந்தது. சுண்டுவிரலில் ஒரு கணு போய்விட்டது, பக்கத்து விரல் முறிந்து கூடிவிட்டது. அதனால்தான் நெட்டையனை எழுதச் சொன்னேன். நான் சொன்னதை எழுதாமல், மரியாதையாக இருக்கட்டும் என்று அவனாகவே ‘தங்கள்’ போட்டுவிட்டான். உன்னை ஏமாற்ற முடியாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது பேனா பிடிக்கிறேன், ஸ்பேனர் பிடிக்கிறேன், தேர்வும் எழுதுவேன். வலி இல்லை. சத்தியமாக இல்லை.

தணிக்கை அதிகாரி நான் எழுத எழுதவே இதைப் படித்தார். வெட்ட மாட்டேன், நானும் குதித்திருக்கிறேனே என்றார்.

அந்த மூன்று விமானிகளும் சாயங்காலம் என் படுக்கைக்கு வந்தார்கள். உங்க அம்மாவுக்கு எழுது என்றார்கள். சொன்னது அம்மா இல்லை, அம்மாவுடைய... என்று ஆரம்பித்தேன். அம்மாவுடைய யார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நெட்டையன் கேட்டான், "ஏன்டா, அவரு உங்க அம்மாவுக்கு யாரு?" நானும் உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். மார்ச்சில் இருக்கிறார். ஏப்ரலில் மூக்கோடு இருக்கிறார். ஜூனில் காணோம். ஐந்து மாடி ஏறக்கூடாத முழங்காலை வைத்துக்கொண்டு நீ படியில் ஏறுகிறாய்.

அக்கா எழுதினாள். அவளுக்குத் தனியாக எழுதுகிறேன். அவள் கெட்டவள் இல்லை, நீ சிரித்ததைப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறாள். நான் பயப்படவில்லை. பதினோரு வருடம் ஒரு ஆள் தனியாகச் சாப்பிட்டது போதும். எனக்கு விவரமாக எழுது. பேனா சரியில்லை என்று சொன்னால் இங்கிருந்து ஒன்று அனுப்புகிறேன்.

உன் மகன்

—

ஜூலை 24

என் கண்ணுக்கு,

இந்த முறை நலம் விசாரிப்பு கிடையாது. முதலில் அழுதேன், பிறகு உன் கையை நினைத்து இன்னொரு முறை அழுதேன், பிறகு அந்தச் சோப்பு நுரைக்காரனை நினைத்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு விடுமுறை.

அவர் கீழ்த்தளத்தில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை மாதமாக நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் யாரோ ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள், நான் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற. யார் என்று நான் விசாரிக்கவில்லை, எனக்குத் தெரியும். உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கையைத் துடைத்தார், கண்ணைத் துடைத்தார், முகமெல்லாம் எண்ணெய்.

"விரல் போச்சே" என்றார். "கம்பி வழுக்கும்னு நான் சொல்லியிருக்கணும்."

"மூணு பேரு வீட்டுக்குப் போவாங்க. அதைப் பாருங்க" என்றேன்.

"நீங்க லிஃப்டுல போறீங்களா, இல்ல இன்னைக்கும் படியா?"

"நீங்க வந்தா லிஃப்ட்."

ஐந்தாம் மாடி வரை போனோம். அங்கே எனக்கு வேலை இல்லை, அவருக்கும் இல்லை. திரும்பவும் இறங்கினோம். இதற்கு மேல் விவரமாக எழுத அம்மாவுக்கு வராது. ஏப்ரலில் அடித்த சொல் ‘நடந்தோம்’.

உனக்கு இன்னொரு சீட்டு வைத்திருக்கிறேன், அவர் எழுதியது.

உன் அம்மா

(அதே உறையில், ஒரு வேலைச்சீட்டின் பின்பக்கம்)

தம்பிக்கு வணக்கம். கையைச் சூடான தண்ணீரில் வைத்துத் தினமும் மடக்கி நீட்டுங்கள், இல்லாவிட்டால் விறைத்துவிடும். உங்கள் அம்மாவைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறேன். உங்களிடம் அனுமதி கேட்கலாமா என்றதற்கு, "அவன் என்ன என் மேலதிகாரியா?" என்று சொல்லிவிட்டார். எனவே அனுமதி கேட்கவில்லை, செய்தியாகச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் முகம் சுளித்தால் எனக்குத் தூக்கம் வராது. அந்தத் தாடையைக் கழற்றிப் பார்த்தீர்களா?

—

அக்டோபர் 8

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவருக்கு அடுத்த தெருவில் அறை. உனக்கு இதையும் சொல்ல வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

தம்பி வந்துவிட்டான். ஜூலையில் நான் எழுதியதற்குத் தந்தி கொடுத்தான், உன்னிடம் சொல்லவில்லை: "தேதி வை. நான் வருகிறேன்." போர் முடிந்து மூன்று வாரம் ஆகியும் கப்பலை விடவில்லை, நேற்றுத்தான் வந்தது. முதலில் ஏதோ தெரு ஒன்று தண்ணீரில் மிதந்து வருகிறது என்று நினைத்தேன். மேலே ஓரமெல்லாம் வெள்ளை உடையில் வரிசையாக நிற்கிறார்கள், ஆயிரம் பேர், எல்லாம் ஒரே உயரம். இதில் என் பிள்ளை எது? பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் அதோ அதோ என்று ஆளுக்கொரு பக்கம் காட்டினார்கள். நானும் ஒருவனைப் பார்த்துக் கையாட்டினேன். அவன் அல்ல. அந்தப் பிள்ளையும் பதிலுக்குக் கையாட்டினான், பாவம், அவனுக்கு யாரும் வரவில்லையோ என்னவோ.

இறங்கி வந்தான். தோளில் புதுப் பட்டை, தேர்வில் தேறிவிட்டான். கறுத்திருக்கிறான், பெரியவனாகியிருக்கிறான். கையை வாங்கிப் பார்த்தேன். நீ நினைக்கிற அளவுக்கு இல்லை. நான் நினைத்த அளவுக்கும் இல்லை. அழவில்லை, அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவர் நான்கடி தள்ளி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒருத்தர் ‘தம்பி’ என்றார், இவன் ‘சார்’ என்றான், அப்புறம் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் அவர்தான் கேட்டார்.

"எந்த மூலை?"

"வலது பின் மூலை. வாங்க, காட்டுறேன்."

அவ்வளவுதான். என்னைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு இரண்டு பேரும் கப்பலுக்குள் போய்விட்டார்கள். ஒன்றரை மணி நேரம். பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். மேலே அந்த லிஃப்ட் இறங்குகிறது, ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது, சத்தம் மட்டும் கேட்கிறது. பக்கத்தில் ஒரு அம்மா, அவளுடைய மகன் அந்த நாற்பது பேரில் ஒருவனாம், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "உள்ள போனவரு உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டாள்.

"பத்தொன்பதாம் தேதியிலிருந்து" என்றேன்.

பத்தொன்பது, திங்கட்கிழமை, நம் ஊர்ப் பதிவாளர் அலுவலகம், காலை பத்தரை. நீ வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டு, நீ வராமல் இருந்துவிட்டால் எனக்குத் தாங்காது. நேரத்தை மட்டும் சொல்கிறேன்.

அம்மா

—

அக்டோபர் 12

அம்மாவுக்கு,

எல்லோரும் நலம். ஏழு மணி வண்டி, ஒன்பதே காலுக்கு அங்கே இருக்கும். மூன்று பேரும் வருகிறோம். பள்ளிக்கூடத்தில் விடுப்பு சொல்லிவிட்டேன்; எதற்கு என்று தலைமை ஆசிரியை கேட்டார், எங்க அம்மா கல்யாணம் என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கும் என்று நினைத்தேன், நடுங்கவில்லை. பக்கத்து மேசைக்காரி எழுந்து வந்து கட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு நான் பேசியதற்கு நேரில் மன்னிப்புக் கேட்கிறேன். கடிதத்தில் கேட்டால் நீ உடனே பரவாயில்லை என்று எழுதிவிடுவாய்.

உடுத்துவதற்கு எதை எடுத்து வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அலுவலகத்துக்குக் கட்டுகிற சாம்பல் நிறப் புடவையைத்தான் துவைத்து மடித்து வைத்திருப்பாய். அதைத் திரும்ப உள்ளே வை. நேற்று நானும் குழந்தையும் கடைகடையாக ஏறி ஒன்று எடுத்திருக்கிறோம். நல்ல சிவப்பு. இந்த வயசுல எதுக்குடி சிவப்பு என்று ஆரம்பிக்காதே, எனக்கு வண்டிக்கு நேரமாகிவிடும்.

உன் மகள்